வெட்டு உள்ளது

மாசக் கடைசி. லாங்கு பஜார் வெயிலில்
தராசுத் தட்டுகூடச் சுடுகிறது.
எத்திராஜ் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து வைத்தார்
பீடிக்கட்டுத் தாளில் பொதிந்த ஒன்றை.
விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பாலாற்றில்
மணல் சலிக்கையில் சல்லடையில் தங்கியதாம்.
"இன்னா துட்டு இது? செல்லுமா?"

மூன்று கிராம், அறுநூற்றைம்பது மில்லி.
சுண்டினேன். வெள்ளிக்கு ஒரு குரல் உண்டு,
கலப்படத்துக்கு இருமல்.
இது இருமவில்லை.

ஒரு பக்கம் இலைமாலை கட்டிய தலை,
மூக்கு தேய்ந்துவிட்டது.
மறுபக்கம் இரண்டு பையன்கள்.
நடுவே தரையில் ஊன்றிய இரண்டு கேடயம்,
பின்னால் சாய்த்த ஈட்டிகள்,
அதற்குமேல் ஒரு கரண்டி, நுனி சுருண்ட ஒரு கோல்.
"கரண்டி எதுக்குக் கீது?" என்றார் எத்திராஜ்.
அவரே சொன்னார்:
"சோறு போடறவங்களா இருக்கும்."

விளிம்பைச் சுற்றி எழுத்து.
இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால்
யூ வரவேண்டிய இடமெல்லாம் வீ.
கடைப் பையன் இம்தியாஸ் போனில் படம் பிடித்தான்,
தேடினான், உரக்கப் படித்தான்:
ரோமாபுரிக் காசு. தலை, பேரரசன்.
தெய்வத்தின் மகன், நாட்டின் தந்தை.
பையன்கள் அவன் பேரர்கள், தத்தெடுத்த பிள்ளைகள்,
பதவி ஏற்கப்போகிறவர்கள்,
இளைஞர்களுக்குத் தலைவர்கள்.

"அண்ணே, இது பேனர்!" என்று சிரித்தான்.
கிரீன் சர்க்கிளில் கட்டுகிறார்களே
வருங்காலமே வருக என்று, அதேதான்.
காற்றில் கிழியக்கூடாதென்று
வெள்ளியில் அடித்திருக்கிறார்கள்.

இரண்டு பேரும் பட்டத்துக்கு வருமுன்னே
செத்துப்போனதாகவும் போனில் இருந்தது.
அதை மட்டும் இம்தியாஸ் மெதுவாகப் படித்தான்.
"ரெண்டுமா?" என்றார் எத்திராஜ்.

காசைத் திருப்பியபோதுதான் பார்த்தேன்,
அரசன் கன்னத்தில் உளி வெட்டு.
காதிலிருந்து வாய்வரை.
கோபக்காரன் இரண்டு தரம் வெட்டுவான்,
இது ஒரே அடி.
இது என் ஆள்.
எந்தத் துறையிலோ, எந்தச் சந்தையிலோ
மிளகோ மணியோ அளந்து கொடுத்தபின்
நீ யார் மகனாயிருந்தால் எனக்கென்ன,
உள்ளே செம்பா சொல் என்று
கேட்ட ஒருவன். ஒருத்தியாகவும் இருக்கலாம்.
வெட்டின் அடியில் கறுப்பு. துடைத்தேன், வெள்ளி.
அரத்தை எடுத்த கை
அதை மறுபடி மேசையறைக்குள் வைத்தது.
முப்பது வருடத் தொழிலில்
இன்னொருவர் சோதனையை நான் நம்பியது
இந்த ஒரு முறை.

"கலெக்டர் ஆபீஸில் சொல்ல வேண்டிய பொருள் இது,
கோட்டை மியூசியத்தில் வைப்பார்கள்" என்றேன்.
"ஆத்துல நீ இன்னா பண்ணேன்னுதான்
மொதல்ல கேப்பாங்க."

உருக்கினால் என்ன வருமென்று கணக்குப் போட்டேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"விக்கல சார், வெச்சிட்டுப் போறேன்.
ரெண்டு பசங்களுக்கும் ஐடிஐ அப்ளிகேஷன் போடணும்,
முன்னூறு இருந்தா போதும்."
பிறகு, யாரும் கேட்காமல்,
"அவங்களும் போட்டோல இப்டித்தான் நிப்பாங்க,
ஒட்டாம."

ரசீதில் எழுதினேன்:
வெள்ளிக் காசு ஒன்று. பழையது. வெட்டு உள்ளது.
விவரம் என்கிற கட்டம் அவ்வளவுதான்,
பையன்களுக்கு அதில் இடமில்லை.
தவணை ஒரு வருடம், ஏழு நாள்.
மீட்பவர் என்று அச்சடித்திருந்த இடத்தில்
வி. எத்திராஜ் என்று கையெழுத்துப் போட்டார்.
மீட்கப்போகிறவர் என்றல்லவா அச்சடிக்க வேண்டும்?
இத்தனை வருடம் தோன்றாதது.

சாயங்காலம் இரும்புப் பெட்டியில்,
இரண்டு மூக்குத்திக்கும் ஒரு அரைஞாண் கொடிக்கும் நடுவே
வைத்தேன், பையன்கள் பக்கம் மேலாக.
பேரரசனைக் குப்புறப் போட்டுவிட்டோமே என்று
மூடும்போதுதான் உறைத்தது.
திறக்கவில்லை.
இருக்கட்டும், வெட்டின்மேல் படுத்து
இன்றிரவு அவன் தூங்கட்டும்.